சட்டையில் அச்சாகாத ஒரு சொல்

மூன்றாம் முறையும் எஞ்சின் உறுமிவிட்டு அணைந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த தேர்வு அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டையைப் பார்த்தார். கருநீல டி-சர்ட்டின் மார்பில், இரண்டு வரிகளாக, பெரிய வெள்ளை எழுத்துகளில் "என்னை யாராலும் நிறுத்த முடியாது" என்று எழுதியிருந்தது. அவர் அதை நிதானமாக ஒரு முறை படித்தார். கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "வண்டி உங்கள் சட்டையைப் படிக்கவில்லை போலிருக்கிறதேம்மா" என்றார். கேலி என்று குற்றம் சாட்டவும் முடியாத, கேலி இல்லை என்று விட்டுவிடவும் முடியாத குரல் அது.

ஓட்டுநர் உரிமத்துக்கான அந்தத் தேர்வில் தோற்றுப்போனேன். கிளட்சிலிருந்து காலை எவ்வளவு மெதுவாக எடுக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை, காரணம் அவ்வளவுதான். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்தியது அந்தச் சட்டைதான். எழுத்தில்லாத சட்டையோடு தோற்றிருந்தால் அது வெறும் தோல்வியாக இருந்திருக்கும். இந்தச் சட்டையோடு தோற்றதில், ஊரறிய ஒரு பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் போன்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. பேருந்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடியே உட்கார்ந்து வந்தேன்.

அந்தச் சட்டையை நான் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்கு மறுமொழிகூட வராமல் இருந்த மாதங்களில், என் அக்கா எனக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பியது அது. பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நான் தொலைபேசியில் சிரித்தபோது, "வெளியே போட்டுக்கொள்ள வேண்டாம்டி, வீட்டிலாவது போட்டுக்கொள்" என்றாள். எங்களுக்குள் நேருக்கு நேர் பாராட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய ஒன்றை அவளுக்காகச் சட்டை சொல்லிவிட்டது. இத்தகைய வாசகச் சட்டைகளைக் கண்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் (நானும் நெடுங்காலம் அந்தக் கட்சிதான்) இதை எண்ணிப் பார்ப்பதில்லை. "நான் வலிமையானவள்" என்று மார்பில் எழுதிக்கொண்டு எதிரே வருகிற பெண், அதைத் தானே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அவள்மேல் அக்கறை கொண்ட யாரோ ஒருவர், அவள் அதை நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம்.

தேர்வில் தோற்றதற்குப் பிறகு, இந்த வாசகங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன். "நான் போதுமானவள்." "என் கதையின் நாயகி நானே." "ஒளிர்வதற்கே பிறந்தேன்." "அச்சம் எனக்கு அறிமுகமில்லை." "நான் இப்படித்தான், மன்னிப்புக் கேட்க மாட்டேன்." பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தவை, தமிழாக்கம் என்னுடையது. முதல் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "நான் போதும்" என்று வரும். அதை அப்படியே அணிந்துகொண்டு போனால், தன்னிறைவு பெற்றவள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். எல்லாம் அலுத்துப்போய் விலகி நிற்கிறாள் என்றுதான் எண்ணுவார்கள். இந்த வேடிக்கையைத் தாண்டி, குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்குப் புலப்பட்டது வேறொன்று. இவற்றில் ஒன்றிலும் முயற்சி இல்லை, தயக்கம் இல்லை, "ஆக விரும்புகிறேன்" இல்லை. எல்லாம் முடிந்துபோன காரியங்களைப் போலவே பேசுகின்றன. இன்னும் கைகூடாத ஆசையை, கைகூடிவிட்ட செய்தியைப் போல எழுதிவைப்பதுதான் இந்த வாசகங்களின் இலக்கணம்.

அவை யாருக்காக எழுதப்பட்டவை என்ற கேள்வி எனக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எழுந்தது. கண்ணாடியில் என் சட்டையின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. குனிந்து பார்த்தால் தலைகீழாகத் தெரிந்தன. எனக்கு நானே சொல்லிக்கொள்வதாகப் பாவனை செய்யும் ஒரு வாக்கியம், என் உடம்பின்மேல், உலகத்தில் என்னைத் தவிர அனைவருக்கும் நேராகப் படிக்கக் கிடைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. கண்ணாடியில் நேராகத் தெரியட்டும் என்று எழுத்துகளைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட உடற்பயிற்சிச் சட்டைகளும் இருக்கின்றன; பார்ப்பவருக்குப் பித்தாகத் தோன்றினாலும், அவைதான் இந்த வகையிலேயே நேர்மையானவை என்பது என் எண்ணம். என் சட்டையின் கழுத்துப் பட்டியில், உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைக்குமாறு ஒரு குறிப்பு இருந்தது. அப்படித் துவைத்துக் காயவைத்த சட்டையைத் திருப்ப மறந்து ஒரு நாள் அப்படியே போட்டுக்கொண்டேன். அச்சு மையின் ரப்பர் போன்ற வழவழப்பு நேராகத் தோலில் பட்டது. எனக்காக எழுதியது என்றால் இப்படியல்லவா அச்சிட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பிறருக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், பிறர் அதைப் படிக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தி, 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு ஏறத்தாழ நேரடியாகவே விடை சொல்கிறது. பாரி மானிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்குக் கொடுத்து அணியச் செய்தார்கள். அந்த வயதினர் நண்பர்களுக்கு நடுவே அணிந்து வரக் கூசும் சட்டை அது. அணிந்தவரை, மற்ற மாணவர்கள் உட்கார்ந்து வினாத்தாள் நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள் அனுப்பி, சற்று நேரத்தில் வெளியே அழைத்து, "உன் சட்டையில் இருப்பவர் யார் என்று உள்ளே எத்தனை பேர் சொல்வார்கள்?" என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்வார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். சோதனையின் அடுத்த பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த முறை கூசவைக்கும் படத்துக்குப் பதிலாக, அணிவதில் பெருமை கொள்ளத்தக்க பாப் மார்லி, மார்ட்டின் லூதர் கிங் போன்றவர்களின் படங்கள். மதிப்பீடு அதே பாதியில் நின்றது. கவனித்தவர்களோ பத்தில் ஒருவருக்கும் குறைவு. நாம் கூசுவதையும் உலகம் நாம் அஞ்சும் அளவுக்குப் பார்ப்பதில்லை. நாம் பெருமைப்படுவதை அந்த அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை. பேருந்தில் நான் கைப்பையால் மூடிக்கொண்டு வந்ததை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். தேர்வு அதிகாரி படித்தார் என்றால், அணைந்த வண்டிக்குள் அவருக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை.

படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். மின்தூக்கி போன்ற குறுகிய இடத்தில் அது நன்றாகத் தெரியும். கண்கள் வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடும். முடிந்த அடுத்த கணம் முகத்துக்குத் தாவும். சொன்னதற்கும் சொன்ன ஆளுக்கும் பொருத்தம் பார்க்கிற பார்வை அது. ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடியில் நாம் அளக்கப்படுகிறோம். "அஞ்சேன்" என்று எழுதிக்கொண்டவரின் தோள் சற்றுக் கூனியிருந்தால், எழுதாமல் கூனியிருந்ததைவிட அது அதிகமாகத் தெரியும். பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடமும் உண்டு. மார்பைப் பார்ப்பதற்கு, "படித்தேன்" என்று ஒரு சாக்கை நாமே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். இதை விரிக்க வேண்டியதில்லை.

சட்டையில் வாசகம் எழுதத் தொடங்கிய காலத்தில் பேச்சு "நான்" பற்றியதாக இருக்கவில்லை. 1948-இல் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டூயி என்ற வேட்பாளருக்கு ஆதரவு கேட்டு அச்சிட்ட டி-சர்ட், இன்று எஞ்சியிருக்கும் வாசகச் சட்டைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தத் தேர்தலில் டூயி, ஹாரி ட்ரூமனிடம் தோற்றார். (சட்டை வாசகத்துக்கும் வெற்றிக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே அவ்வளவு சரியில்லை.) 1980-களில் பிரிட்டனைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட், வெள்ளைச் சட்டையில் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க பெரிய கறுப்பு எழுத்துகளை அச்சிட்டுப் புகழ்பெற்றார். 1984-இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் கொடுத்த வரவேற்புக்குப் போன அவர், மேலங்கியைத் திறந்து காட்டியபோது, உள்ளே சட்டையில், 58 விழுக்காட்டினர் பெர்ஷிங் என்ற அமெரிக்க அணு ஏவுகணையை விரும்பவில்லை என்ற வாசகம் இருந்தது. பிரதமரோடு அவர் கைகுலுக்கும் புகைப்படத்தில் அந்த எழுத்துகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும் துணிவு என்ற சொல்லுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம். இன்றைய தன்னம்பிக்கைச் சட்டை அவரிடமிருந்து எழுத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

அதற்காக, தன்னைப் பற்றி மார்பில் எழுதிக்கொள்வதே அற்பமானது என்று முடிவுகட்டிவிட முடியாது. அப்படி முடிவுகட்ட விடாமல் என்னைத் தடுப்பது 1968-இல் நடந்த ஒரு போராட்டம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், குப்பை வண்டியின் நசுக்கும் எந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரி 12-ஆம் நாள் ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலை நரைத்த பிறகும் வெள்ளையர்களால் "பையா" என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஊர்வலத்தில் அவர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளில் இருந்தவை நான்கே ஆங்கிலச் சொற்கள்; "நான் ஒரு மனிதன்" என்பது அவற்றின் பொருள். சிலர் அந்த அட்டையைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டி, சட்டையைப் போல மார்பில் அணிந்துகொண்டார்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகிய படைவீரர்களின் வரிசையை ஒட்டி, அந்த அட்டைகளோடு அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோகும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் துணை நிற்க அந்த நகருக்கு வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4-ஆம் நாள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல், தொழிலாளர்களின் சங்கத்தை நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்ட பிறகு போராட்டம் முடிந்தது.

அந்த அட்டையில் ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு இழுத்திருந்தது. "மனிதன்" என்பதற்கு இல்லை. "நான்" என்பதற்கும் இல்லை. இரண்டையும் இணைத்து "ஆம், இருக்கிறேன்" என்று உறுதி சொல்லும் சின்னஞ்சிறு வினைச்சொல்லுக்குக் கீழே. அந்த வினைச்சொல் தமிழில் தேவையே இல்லை. "நான் மனிதன்" என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். அப்படியானால் அந்தக் கோட்டைத் தமிழில் எப்படி இழுப்பது? நெடுநேரம் யோசித்த பிறகு கிடைத்தது: "நான் மனிதன்தான்." அந்தக் கோடு தமிழில் "தான்" என்ற இடைச்சொல்லாக வருகிறது.

கிடைத்த பிறகு அந்தச் சொல்லை என்னால் விட முடியவில்லை. "இது என் பேனா" என்று யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். "இது என் பேனாதான்" என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் இல்லை என்றிருக்க வேண்டும், அல்லது ஐயப்பட்டிருக்க வேண்டும். "தான்" வரும் வாக்கியம் பெரும்பாலும் ஒரு மறுப்புக்குச் சொல்லும் மறுமொழி. அதே "தான்" தமிழில் தன்னையும் குறிக்கும் சொல்லாக இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. என் குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போய், எல்லா வாசகங்களிலும் அதைச் சேர்த்துப் படித்தேன். நான் அழகிதான். நான் வலிமையானவள்தான். நான் தகுதியானவள்தான். படிக்கப் படிக்க, தற்பெருமையாக ஒலித்தவை வழக்காடலாக ஒலிக்கத் தொடங்கின. சட்டையில் அச்சாகாமல் விடுபட்ட சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சேர்த்துப் படித்துவிட்டால், அடுத்த கேள்வி தானாகவே வரும்: இல்லை என்று இவளிடம் சொன்னது யார்?

இதைத் தமிழ் இலக்கணம் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நன்னூலின் பாயிரப் பகுதியில், நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்ந்து சிறப்புப் பாயிரம் எழுதிக்கொள்ளலாகாது என்று ஒரு விதி வருகிறது. இதுவரை இல்லாதவற்றைப் படைத்து, துறை பலவற்றை முடித்துக் காட்டியவனானாலும் "தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்பது அதன் கண்டிப்பு. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோர்தாம் புகழ்ந்து எழுத வேண்டும். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகள் வருகின்றன. அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது ஆகிய நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். விலக்கு நான்கிலும் எதிரில் ஒருவர் இருக்கிறார். அறியாதவர், மதிப்பிடுகிறவர், மறுக்கிறவர், பழிக்கிறவர். வெறும் வெளியைப் பார்த்துத் தன்னைப் புகழ்ந்துகொள்ள அங்கே இடமில்லை. மெம்ஃபிஸ் தொழிலாளியின் அட்டை நான்காம் விலக்குக்குள் அப்படியே அடங்குகிறது. என் அக்கா அனுப்பிய சட்டையை இரண்டாம் விலக்குக்குள் எப்படியாவது அடக்கலாம். என் விண்ணப்பங்களைப் படிக்காதவர்களுக்கு அது மறுமொழி. ஆனால் வாரிக் குவித்து அடுக்கியிருக்கும் சட்டைகளில், "என்னைப் போல் இன்னொருத்தி இல்லை" என்ற ஒரே வாசகத்தை நான்கு அளவுகளில் நூற்றுக்கணக்கில் பார்க்கும்போது, யாரும் கேட்காத கேள்விக்கு மொத்தமாக அச்சடித்த விடையாகவே அது தெரிகிறது.

உளவியலில் இதற்கு ஒட்டிய கருத்து ஒன்று உண்டு. ராபர்ட் விக்லண்டும் பீட்டர் கோல்விட்சரும் 1982-இல் விரித்தெழுதிய அந்தக் கருத்தின்படி, ஓர் அடையாளத்தை இன்னும் முழுமையாக எட்டவில்லை என்று உள்ளூர உணர்கிறவர்கள், அந்த அடையாளத்தின் புறச்சின்னங்களை அதிகமாகக் காட்டிக்கொள்ள முற்படுகிறார்கள். இதைக் கையில் எடுத்துக்கொண்டு, "போட்டிருக்கிறாள் என்றால் அவளிடம் இல்லை என்று பொருள்" என்று தீர்ப்புச் சொல்வது எளிது. குறை இருப்பதைச் சரியாகக் கண்டு, குறை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடும் சாமர்த்தியம் அது. பசித்தவர்தான் சோற்றைப் பற்றிப் பேசுவார். அதற்காக அவரைப் பேராசைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, சொல்லிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏறுமா? ஏறும் என்று நம்பியவர்களில் முன்னோடி எமில் குவே. பிரான்சில் மருந்தாளுநராக இருந்து, பின்னர் நான்சி நகரில் தம்மிடம் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தவர், 1926-இல் மறைந்தார். "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நன்றாகி வருகிறேன்" என்பதுதான் அந்த வாக்கியம். காலையில் எழும் முன்பும் இரவில் உறங்கும் முன்பும், கண்ணை மூடி, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி உதட்டளவில் 20 முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. குவேயின் மருத்துவத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருடைய வாக்கியத்தைச் சட்டை வாசகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறுபாடுகள் பளிச்சென்று தெரிகின்றன. ஒன்று, அது உண்மையிலேயே சொல்பவரின் காதுக்காகச் சொல்லப்பட்டது. மற்றொன்று, அது "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லவில்லை. "நன்றாகி வருகிறேன்" என்றது. ஆகி வருவதை உள்மனம் மறுத்துவிட முடியாது. ஆகிவிட்டதாகச் சொன்னால் மறுக்கும்.

அந்த மறுப்பை ஆய்வறையில் கேட்டவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் நான்கு நிமிடம் தங்கள் மனத்தில் ஓடுவதை எழுதினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், 15 நொடிக்கு ஒரு முறை மணி ஒலிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவள்" என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு மிகுந்தவர்களுக்கு அது சிறிது நன்மை செய்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, அதைச் சொல்லிக்கொள்ளாத தங்களைப் போன்றவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ஆயினும் மணி ஒலித்ததும் உள்ளிருந்து "அப்படியா?" என்று ஒரு குரல் கேட்பதை நான் அறிவேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து குனிந்தபோது, மார்பிலிருந்த எழுத்தைப் பார்த்து எனக்குள் அந்தக் குரல்தான் கேட்டது. தேர்வு அதிகாரி அதற்குப் பிறகுதான் பேசினார்.

உடைக்கு மனத்தின்மேல் எந்த வலிமையும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2012-இல் ஒரே வெள்ளை மேலங்கியைச் சிலரிடம் மருத்துவருடையது என்றும் வேறு சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லி அணியச் செய்தபோது, மருத்துவர் அங்கி என்று எண்ணி அணிந்தவர்கள் கவனக் கூர்மையில் முன்னே நின்றார்கள். அந்த ஆய்வின் முதல் சோதனையை 2019-இல் வேறு குழுவினர் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. விளைவு உண்மையோ இல்லையோ, அந்த அங்கியில் "நான் கவனமானவள்" என்று எழுதியிருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அங்கிக்கு ஏதேனும் வலிமை இருந்தால், அது அதை அணிந்து வேலை செய்தவர்கள் ஈட்டிக் கொடுத்தது.

தன்னால் ஒன்றைச் செய்ய முடியும் என்ற உறுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்து வென்ற பட்டறிவு, தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பின் பதற்றத்தையோ அமைதியையோ உணர்வது. இவற்றில் வலியது முதலாவது. ஊக்கச் சொல் அதைவிட வலுக் குறைந்தது. சட்டை வாசகம் அந்த ஊக்கச் சொல்லிலும் ஒரு படி கீழே என்று சொல்வேன், ஏனென்றால் அதைச் சொல்கிறவர் யார் என்றே தெரியாது. அக்கா கொடுத்ததால் என் சட்டைக்காவது ஒரு குரல் இருந்தது.

இரண்டாம் தேர்வுக்கு முன் நான்கு வாரம், விடியற்காலையில், ஆளில்லாத மைதானத்தில் கிளட்சோடு மல்லுக்கட்டினேன். கால் எந்த இடத்துக்கு வரும்போது வண்டி இலேசாக நடுங்கி நகரத் துடிக்கிறது என்பதைக் கால் கற்றுக்கொண்டது. தேறிவிட்டேன். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன் என்பது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. கருநீலச் சட்டை இன்னும் இருக்கிறது. துவைத்துத் துவைத்து எழுத்துகளில் வெடிப்பு விழுந்து, "நிறுத்த" என்ற சொல் பாதி உதிர்ந்துவிட்டது. இரவில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன், உட்புறம் வெளியே வரும்படி திருப்பி. அக்கா கேட்டபோது, "தினமும் போட்டுக்கொள்கிறேன் அக்கா" என்று உண்மையைத்தான் சொன்னேன்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு கிடைத்த வேலையில் என்னோடு சேர்ந்தவர் அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முதல் நாளே அவருடைய சட்டைப் பையின் விளிம்பில் ஒரு சிறு பேட்ஜைப் பார்த்தேன். "எனக்குப் பேச்சு திக்கும். சற்றுப் பொறுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. திக்கிப் பேசுகிறவர்களின் அமைப்புகள் சில நாடுகளில் இத்தகைய பேட்ஜுகளை வெளியிடுகின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் தொகுத்த வாசகங்களில் இதைச் சேர்க்கவே தோன்றவில்லை, ஏனென்றால் இது எதையும் சாதித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "தான்" சேர்த்துப் படித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எதிரில் இருப்பவரிடம் இரண்டு நொடிப் பொறுமையைக் கேட்பதோடு நின்றுகொள்ளும் வாசகம் அது. அதை அணிவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு முறை கேட்டேன். "மறைப்பதற்கே பாதி மூச்சு போய்விடும். திக்கும் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தேடித் தேடி, நான் சொல்ல வந்ததே வேறாகிவிடும்" என்றார். என் சட்டை என்னை எந்தப் பார்வைக்கு ஆளாக்கியதோ, அந்தப் பார்வையை இந்தப் பேட்ஜ் முன்கூட்டியே முடித்துவைத்துவிடுகிறது. முகத்துக்குத் தாவும் கண்களுக்கு அங்கே பொருத்தம் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நடுவில் ஒரு சொல்லில் நெடுநேரம் நின்றார். யாரும் அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் வேறு சொல் தேடவில்லை. வந்த சொல்லையே சொல்லி முடித்து உட்கார்ந்தார். கூட்டம் கலைந்து வெளியே வந்தபோதுதான் அவருடைய சட்டைப் பை வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன்.

"பேட்ஜ் எங்கே?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்து, பையைத் தடவினார். "நே... நே... நேற்றைய சட்டையிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது" என்றார். பிறகு, "அதிருக்கட்டும், மூன்றாம் பக்கத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் கணக்கு சரியாக வருகிறதா, நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டபடி தாளைப் பிரித்தார்.